வரைய வராது என்னும் பிள்ளைக்கு ஒரு தாள்

கேள்வி: சிறுவர் நூல்களை எழுதி, அவற்றுக்குத் தாமே ஓவியமும் தீட்டுகிற ஒருவரை எங்கள் பள்ளியில் பயிலரங்கு நடத்த அழைத்திருக்கிறோம். நான்காம் வகுப்பில் பாதிப் பேர் இப்போதே "எனக்கு வரைய வராது" என்கிறார்கள். நன்றாக வரைகிறவர்களை மட்டும் அனுப்பினால் போதுமா? – ஓர் ஆசிரியை

பதில்: அனைவரையும் அனுப்புங்கள். நானும் அதே தொழிலில் இருப்பதால் உறுதியாகச் சொல்கிறேன். ஐந்து வயதில் சுவரெல்லாம் கிறுக்கிய பிள்ளை, எட்டு ஒன்பது வயதில் தான் வரைந்த மாடு மாடு மாதிரி இல்லை என்பதைக் கண்டுகொள்கிறது. கண் தேர்ந்த அளவுக்குக் கை தேராத பருவம் அது. அப்போது விருந்தினர் கரும்பலகையில் அழகான யானையை வரைந்து கைதட்டல் வாங்கிச் சென்றால், அந்தப் பிள்ளையின் தயக்கம் இறுகிப்போகும். (தொடக்கத்தில் அந்தக் கைதட்டலுக்கு நானும் ஆசைப்பட்டதுண்டு.)

ஆகவே நான் ஓவியத்தில் தொடங்காமல் தாளில் தொடங்குகிறேன். ஒரு தாளை எட்டுக் கட்டங்களாக மடித்து, நடு மடிப்பில் இரண்டு கட்ட நீளத்துக்கு மட்டும் வெட்டி, மறுபடி மடித்தால், பசையும் தையலும் இல்லாமல் அட்டைகள் உட்பட எட்டுப் பக்கங்கள் கொண்ட சிறு புத்தகம் கிடைக்கிறது. அது கைக்கு வந்ததும், எப்படி வரைவது என்ற கவலை பின்னால் போய், எதை எந்தப் பக்கத்தில் வைப்பது என்ற யோசனை முன்னால் வருகிறது. யாரோ கதவைத் தட்டுவதை வலப்புறமுள்ள மூன்றாம் பக்கத்தில் வைத்து, வந்தவரை நான்காம் பக்கத்தில் காட்டினால், பக்கத்தைத் திருப்பும் விரலே கதவைத் திறக்கிறது. "பூனை தூங்கியது" என்று எழுதி, ஒற்றைக் கண்ணைத் திறந்து மீனைப் பார்க்கும் பூனையை வரைந்தால், எழுத்து மறைத்ததைப் படம் சொல்லிவிடுகிறது. இதற்குக் குச்சி உருவங்களே போதும்; புருவக் கோட்டின் சாய்வை மாற்றினாலே கோபம் வருத்தமாகிவிடும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்: பள்ளி முழுவதையும் ஓர் அரங்கில் அடைக்காமல் ஒரு வகுப்பை மட்டும் அமர்த்துங்கள். எழுத்துப் பிழைகளை அன்று திருத்த வேண்டாம். முடிந்தால் நீங்களும் ஒரு தாளை மடியுங்கள்.

கேள்வி: படக்கதை நூலுக்கு 32 பக்கங்கள் என்று பதிப்பகத்தார் வரையறுப்பது ஏன்? – ஒரு வாசகர்

பதில்: காரணம் அச்சகத்தில் இருக்கிறது. பெரிய தாளில் பல பக்கங்களைச் சேர்த்து அச்சிட்டு மடிப்பதால், பக்கங்கள் 8, 16 என்ற மடங்குகளில் அமைகின்றன. தலைப்பும் பதிப்பு விவரங்களும் போக, கதைக்கு ஏறத்தாழ 14 இரட்டைப் பக்கங்கள் (நூலை விரித்தால் எதிரெதிரே தெரியும் இரு பக்கங்கள் சேர்ந்தது ஒன்று) மிஞ்சும். முதலில் அவற்றைத் தீப்பெட்டி அளவுக் கட்டங்களாக ஒரே தாளில் வரைந்து பாருங்கள். கதை எங்கே தொய்கிறது என்பது உடனே தெரியும். யாருடைய முகத்தையும் இரு பக்கங்கள் சேரும் நடுமடிப்பில் வைத்துவிடாதீர்கள். நூலாகக் கட்டிய பிறகு மூக்கு உள்ளே போய்விடும்.