குடலில் புழு இருந்தால் சர்க்கரை நோய் வராதா? பூச்சி மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வியின் முன்பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பின்பாதிக்கு என் பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். பல வருடங்களாகச் சர்க்கரையோடு போராடும் என் அத்தை இப்படியொரு செய்தியைப் படித்துவிட்டு, பேரனுக்குப் பள்ளியில் தரும் அல்பெண்டசோல் மாத்திரையை வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவரிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

2010இல் வெளியான சென்னை ஆய்வொன்றில், சர்க்கரை நோயாளிகளிடம் யானைக்கால் புழுவின் (இது குடலில் வாழ்வதல்ல) தொற்று மற்றவர்களைவிடக் குறைவாகத் தெரிந்தது. ஆனால் புழு சர்க்கரையைத் தடுத்ததா, சர்க்கரை உள்ளவர்களிடம் புழு தங்கவில்லையா என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதனால் நான் பெரிதும் மதிப்பது இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் நடந்த சோதனையை. 1669 பேர். சில வீடுகளுக்கு அல்பெண்டசோல், மற்ற வீடுகளுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. 2017இல் முடிவு வெளிவந்தது. எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டால் வித்தியாசமே இல்லை. முன்பே புழு இருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால், மருந்து எடுத்தவர்களிடம் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலை, சற்றுக் கூடியிருந்தது.

ஏன் அப்படி? புழு நம் உடலில் வருடக்கணக்கில் குடியிருக்க வேண்டுமானால், நம் நோயெதிர்ப்பு அதை வெளியேற்றாதபடி தணித்து வைக்க வேண்டும். உடல் பருத்தவர்களின் கொழுப்புத் திசுவில் மெல்லிய அழற்சி ஓயாமல் கனன்றுகொண்டிருக்கும்; இன்சுலினின் வேலையைக் கெடுப்பவற்றில் அதுவும் ஒன்று. புழுத் தொற்றால் பெருகும் இயோசினோபில் என்னும் வெள்ளை அணுக்கள் கொழுப்பில் போய்த் தங்கி அந்தக் கனலைத் தணிப்பதை 2011இல் எலிகளிடம் கண்டார்கள்.

ஆஸ்திரேலியாவில் மனிதர்களிடமே இதைச் சோதித்தார்கள். உடல் பருமனுள்ள தன்னார்வலர்களின் தோல் வழியாக 20 அல்லது 40 கொக்கிப்புழு லார்வாக்களைச் செலுத்தினார்கள். 20 பெற்றவர்களிடம் ஓராண்டில் இன்சுலின் எதிர்ப்பு குறைந்தது. எண்ணிச் செலுத்திய புழுக்கள், கூடவே மருத்துவக் கண்காணிப்பு, நன்றாகச் சாப்பிடும் பெரியவர்கள். நம் ஊரில் வெறுங்காலோடு விளையாடும் பிள்ளையின் குடலில் எத்தனை புழு என்று யார் எண்ணுகிறார்கள்? கொக்கிப்புழு குடிப்பது இரத்தம். ஒல்லியாக வளரும் ஏழு வயதுப் பையனுக்கு அதனால் கிடைப்பது இரத்தசோகை. சர்க்கரை வந்தவர் புழுவை வளர்த்துக் குணமாகலாம் என்பதற்கும் இதுவரை ஆதாரம் இல்லை.

அத்தை நெடுநேரம் பேசவில்லை. விடுபட்டவர்களுக்கு மறுபடி மாத்திரை கொடுத்த நாளில், பேரனை அவரே பள்ளிக்குக் கூட்டிப்போனார்.