தங்கத்தின்மேல் வரிசைகட்டும் மூலக்கூறுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கரிம மூலக்கூறுகள் தங்கத் தகட்டின்மேல் தாமாகவே வரிசைகட்டி நின்றுவிடும் என்று எழுதியிருந்தீர்கள். வரிசைப்படுத்த யாருமே இல்லாதபோது ஒழுங்கு எங்கிருந்து வருகிறது? இது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிக்கு முரணல்லவா?

எம்.

அன்புள்ள எம்.,

முரணில்லை. கலைவு, அதாவது ஒழுங்கின்மை, குறையாது என்னும் இரண்டாம் விதி மொத்தக் கணக்கைத்தான் பார்க்கிறது. இந்த மூலக்கூறுகளின் தலையிலுள்ள கந்தகம் தங்கத்தோடு பிணையும்போது வெளிப்படும் வெப்பம் சுற்றுப்புறத்தில் உண்டாக்கும் கலைவு, படலத்தில் குறைந்த கலைவை ஈடுகட்டி மிஞ்சுகிறது. ஆனால் ஒழுங்கு ஏன் சாத்தியம் என்பதோடு இந்த விடை நின்றுவிடும். அது எப்படி உருவாகிறது என்பதுதான் எனக்குச் சுவையான கேள்வி.

1983இல் பெல் ஆய்வகத்தின் ரால்ஃப் நுஸ்ஸோவும் டேவிட் அல்லாராவும் தங்கத்தின்மேல் கந்தகச் சேர்மங்கள் ஒழுங்காகப் படிவதைக் காட்டினார்கள். இன்று பெரும்பாலும் கையாளப்படுவது ஆல்கேன்தையால்: தலையில் கந்தகம், பின்னால் கார்பன் சங்கிலியாலான வால். அதன் நீர்த்த எத்தனால் கரைசலில் தங்கத்தை முக்கினால் சில நிமிடங்களிலேயே பரப்பு ஏறக்குறைய நிரம்பிவிடும். இடம் தாராளமாக இருக்கும்வரை மூலக்கூறுகள் படுத்தே கிடக்கின்றன. நெரிசல் கூடக்கூட எழுந்து நிற்கின்றன. கந்தகங்களுக்கிடையே உள்ள தூரம் சுமார் 0.5 நானோமீட்டர். வால்களோ அதைவிட மெலிந்தவை என்பதால், நிமிர்ந்து நின்றால் நடுவே இடைவெளி விழும். ஆகவே எல்லாம் ஒரே பக்கமாக ஏறத்தாழ 30 பாகை சாய்ந்து, அண்டை வாலை நெருங்கிக்கொள்கின்றன.

பரப்பு நிரம்பியதுமே தகட்டை வெளியே எடுத்தால் குறைகள் மலிந்த படலமே மிஞ்சும். அதனால்தான் ஒரு நாள்வரை ஊறவிடுகிறார்கள். அந்த நேரத்தில், பிசகி அமர்ந்தவற்றுள் சில தங்கத்தின்மேலேயே நகர்ந்து சரியாகின்றன. சில கழன்று கரைசலுக்குத் திரும்ப, அங்கே வேறு மூலக்கூறுகள் வந்து அமர்கின்றன. உங்கள் கேள்விக்கான விடை இந்த மெதுவான திருத்தத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். பிடித்து நிறுத்தும் அளவுக்கு வலுவும், தவறினால் விட்டுக்கொடுக்கும் அளவுக்கு இளக்கமும் அந்தப் பிணைப்பில் ஒருசேர அமைந்திருக்கின்றன.

ஒப்பிட, கண்ணாடிமேல் படியும் சிலேன்களை, அதாவது தலையில் சிலிக்கான் கொண்ட மூலக்கூறுகளைப் பாருங்கள். அவை பரப்போடும் பிணைந்து, பக்கத்து மூலக்கூறோடும் பின்னிக்கொள்வதால், பிறகு நகர வழியில்லை. ஈரப்பசை சற்று மிகுந்தாலே கரைசலிலேயே ஒன்றோடொன்று சேர்ந்து கட்டிகட்டியாகப் படிந்துவிடும். ஒழுங்கில் தங்கப் படலத்துக்கு ஈடாவது அரிது. ஆனால் எளிதில் பெயராது என்பதால், நீர் ஒட்டாத கண்ணாடிப் பூச்சுகளுக்கு நாடப்படுவது சிலேன்தான்.