வீணாய்ப் போகாத 22 வருஷம்

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வருஷமாக இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. வந்த புதிதில் யாரையும் தெரியாது. லீவு நாட்களில் கிரேஸ் ரோடு மைதானத்துக்குப் போய் உட்காருவேன். அப்படித்தான் அங்கே ஆடும் லெஸ்டர்ஷயர் கவுண்டியின், அதாவது அந்த மாவட்டத்தின், கிரிக்கெட் அணி எனக்குப் பிடித்துப்போனது. 2025 செப்டம்பரில் கவுண்டி சாம்பியன்ஷிப்பின் இரண்டாம் டிவிஷனில் முதலிடம் பிடித்து, 2003-இல் கீழே இறங்கிய அணி முதல் முறையாக மேல் டிவிஷனுக்கு ஏறிவிட்டது. பஸ் ஸ்டாப்பில் நின்று போனில் பார்த்தபோது அழுதுவிட்டேன். ஊரில் நண்பர்களிடம் சொன்னால் "எந்த டீம்டா அது?" என்கிறார்கள். ஒரு தமிழன் இங்கிலாந்து கவுண்டிக்காக அழுவது பைத்தியக்காரத்தனமா?

22 வருஷம் வீணாய்ப் போச்சு, இனிமேல்தான் நிஜ கிரிக்கெட். டெர்பிஷயர் மாதிரி டீம்களோடு இனி மல்லுக்கட்ட வேண்டாம். நாட்டிங்காம்ஷயர், சர்ரே போன்ற பெரிய அணிகளோடு ஆடி இவர்கள் தாக்குப்பிடிப்பார்களா? ஒரு அணிக்கு நூறு பந்து மட்டும் வீசும் ஹண்ட்ரட் போட்டி கவுண்டி கிரிக்கெட்டைக் கொன்றுவிடும் என்கிறார்களே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

*

அன்புள்ள தம்பி,

அழுததற்கு வெட்கப்படாதீர்கள். பேச ஆளில்லாத ஊரில் ஒரு மைதானம் உங்களுக்கு உட்கார இடம் கொடுத்திருக்கிறது. அந்த மைதானத்துப் பிள்ளைகள் ஜெயித்தால் கண் கலங்கத்தான் செய்யும். இதில் தமிழன் என்ன, வெள்ளைக்காரன் என்ன? ஹண்ட்ரட் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

ஆனால் ஒரு வரி என்னை இரண்டு நாளாக உறுத்துகிறது. "22 வருஷம் வீணாய்ப் போச்சு." யாருக்குப் போச்சு தம்பி? மூன்று வருஷத்துக்கு முன் வந்த உங்களுக்கா?

2014 கோடையில் நான் லெஸ்டரில் இருந்தேன். என் அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன். சமைத்துப் போடப் போயிருந்தேன். அவள் வீட்டிலிருந்து கிரேஸ் ரோடு நடந்து போகிற தூரம்தான். மத்தியானம் அவள் மாத்திரை போட்டுத் தூங்கியதும் நான் அங்கே போய்விடுவேன்.

இரண்டு நாற்காலி தள்ளி ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். காலுறை நெய்யும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லெஸ்டர் ஒரு காலத்தில் அந்தத் தொழிலுக்குப் பேர் போன ஊர். காலடியில் ஃபிளாஸ்க், மடியில் ஸ்கோர் புத்தகம், ஒரு தகரப் பெட்டியில் கலர் பென்சில்கள். ஒவ்வொரு பவுலருக்கும் ஒரு கலர். ரன் வராத பந்துக்கு ஒரு புள்ளி வைப்பார். ஓவரில் ஆறும் புள்ளியாகிவிட்டால், மேலே மூன்று கீழே மூன்றாக இருக்கும் அவற்றைக் கோட்டால் இணைத்து 'எம்' என்ற எழுத்தாக்குவார். மெய்டன். அதில் ஒரு விக்கெட்டும் விழுந்திருந்தால் அதே கோடு 'டபிள்யூ' ஆகிவிடும். எனக்கு எங்கள் வீட்டு வாசல் ஞாபகம் வந்துவிட்டது. புள்ளி வைத்து, இழுத்து, முடித்துவிட்டு ஒரு எட்டு பின்னால் வந்து பார்ப்போமே, அவரும் அப்படித்தான் புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்ப்பார்.

அது லெஸ்டர்ஷயர் தோற்றுக்கொண்டே இருந்த காலம். 2013-இல் சாம்பியன்ஷிப்பில் ஒரு வெற்றி கிடையாது. 2014-லும் கிடையாது. நான் பார்த்த ஆட்டத்திலும் தோற்றார்கள். கடைசி விக்கெட் விழுந்ததும் இருந்த கொஞ்சப் பேரும் எழுந்து போய்விட்டார்கள். பெரியவர் எழவில்லை. பேட்ஸ்மேன் பக்கத்து ரன்னைக் கூட்டினார். பவுலர் பக்கத்தைக் கூட்டினார். ஒரு ரன் உதைத்தது. திரும்ப முதல் ஓவரிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்து, தவறிப்போன ஒரு லெக் பையை, அதாவது பந்து பேட்டில் படாமல் காலில் பட்டு ஓடிய ரன்னை, கண்டுபிடித்தார். அப்புறம்தான் பென்சிலைச் சீவிப் பெட்டியில் வைத்தார்.

தோற்கிற டீமுக்கு எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள் என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்விதான், கேட்டுவிட்டேன். ஒரு 'எம்'மைக் காட்டினார். "இந்தப் பையன் போட்டது நல்ல ஓவர். எழுதி வைக்க வேண்டாமா?" என்றார்.

அவர் அதற்கப்புறமும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2012 செப்டம்பரில் ஜெயித்த அணி, அடுத்து ஜெயித்தது 2015 ஜூனில், எசெக்ஸுக்கு எதிராகச் செம்ஸ்ஃபோர்டில். நடுவே 992 நாள். 37 ஆட்டம் ஒரு வெற்றி இல்லாமல் போயிருந்தது. ஒவ்வொன்றும் நான்கு நாள் ஆட்டம் தம்பி. கூட்டிப் பாருங்கள், எத்தனை நாள் அவர் பென்சில் சீவியிருப்பார்.

இதே அணி 1996-இலும் 1998-இலும் கவுண்டி சாம்பியன். அடுத்த இரண்டே வருஷத்தில், 2000-இல், 18 கவுண்டிகளையும் இரண்டு டிவிஷனாகப் பிரித்தார்கள். திறமை இருந்தால் ஏறிக்கொள்ளலாம், நல்ல ஏற்பாடுதானே என்று எல்லோருக்கும் தோன்றும். நடந்தது என்ன? ஏணியில் ஆட்டக்காரர்கள் ஏறினார்கள், கவுண்டி கீழேயே நின்றது. லெஸ்டர்ஷயருக்கு டெஸ்ட் மைதானம் இல்லை, அந்த வருமானம் இல்லை. பக்கத்து நாட்டிங்காமில் டிரென்ட் பிரிட்ஜ் என்ற டெஸ்ட் மைதானம் இருக்கிறது. 604 டெஸ்ட் விக்கெட் எடுத்த ஸ்டூவர்ட் பிராட் கவுண்டி கிரிக்கெட் ஆடத் தொடங்கியது கிரேஸ் ரோட்டில். 2008-இல் நாட்டிங்காம்ஷயருக்குப் போய்விட்டார். அப்புறம் ஜேம்ஸ் டெய்லர். ஹாரி கர்னி. சாக் சாப்பல். எல்லோரும் அதே வழி. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கீழ் டிவிஷனில் ஆடினால் தேர்வாளர் கண்ணில் படமாட்டோம் என்று எந்தப் பிள்ளைக்கும் பயம் இருக்கும். ஆனால் பத்தொன்பது வயதில் அவர்களை ஆட வைத்து, தப்புச் செய்ய விட்டு, திரும்பவும் ஆட வைத்தது யார்? நீங்கள் வீண் என்று எழுதிய வருஷங்கள்தான். அதை நன்றியோடு சொல்லப் பழகுங்கள்.

அந்த வருஷங்களில் சந்தோஷமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2004, 2006, 2011 என்று டி20 கோப்பையை மூன்று முறை வென்றிருக்கிறார்கள். 2023 ஒரு நாள் கோப்பை இறுதி ஆட்டம் நீங்கள் அங்கே வந்த பிறகு நடந்தது, அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதாதது எனக்கு ஆச்சரியம். அதுவும் டிரென்ட் பிரிட்ஜில். 89 ரன்னுக்கு 6 விக்கெட். ஹாரி ஸ்விண்டெல்ஸ் என்ற லெஸ்டர்காரப் பிள்ளை, அதுவரை அந்தத் தொடரில் ஆடவே இல்லை, இறங்கி ஆட்டமிழக்காமல் 117 அடித்தார். கடைசி ஓவரை 19 வயது ஜோஷ் ஹல் போட்டார். ஹாம்ப்ஷயரை 2 ரன்னில் ஜெயித்தார்கள். இது நிஜ கிரிக்கெட் இல்லையா?

டெர்பிஷயரைப் பற்றி அப்படி எழுதியது தப்பு. தப்பு என்றுதான் சொல்வேன். அவர்களும் 2012-இல் மேலே ஏறி, அடுத்த வருஷமே இறங்கியவர்கள். அங்கேயும் யாரோ ஒருவர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நேற்று வரை நீங்கள் இருந்த படியில்தான் அவர் நிற்கிறார். ஏறிய மறுநாளே ஏளனம் செய்தால், நாளைக்கு இறங்க நேர்ந்தால் எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பீர்கள்?

தாக்குப்பிடிப்பார்களா என்று கேட்டீர்கள். கஷ்டம்தான். 2025-இல் சாம்பியன் ஆனதே அந்த நாட்டிங்காம்ஷயர்தான்.

ஏப்ரலில் ஆட்டம் தொடங்கும்போது போங்கள். இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் காற்று எலும்புக்குள் போகும். மடியில் ஸ்கோர் புத்தகமும் தகரப் பெட்டியுமாக ஒரு வயதானவரைப் பார்த்தால் பக்கத்தில் உட்காருங்கள். 2014-இல் முறுக்கு கொண்டுவந்து கொடுத்த பெண் விசாரித்தாள் என்று சொல்லுங்கள். அவருக்கு அது ரொம்பக் கடினம், டீயில் நனைத்துத்தான் சாப்பிட்டார். மறக்க மாட்டார்.

அன்புடன்,
அக்கா