இரண்டாயிரம் ரூபாய்க்குள் அழகான தமிழ் வலைப்பூ: கேள்வி பதில்

இந்த வாரம் வந்த கேள்விகள் எல்லாமே ஒரு பொருளைச் சுற்றித்தான். டிசைனரிடம் போகாமல், பெரிதாகப் பணம் போடாமல், பார்க்கவும் படிக்கவும் நன்றாக இருக்கும் வலைப்பூவை நாமே எப்படி அமைப்பது? கேட்டவர்களில் பெரும்பாலோர் கூகுளின் இலவச வலைப்பூத் தளமான பிளாகரில் எழுதுகிறவர்கள். அதனால் பதில்களும் அதை ஒட்டியே இருக்கின்றன.

சேலத்திலிருந்து ஒரு வாசகி: மேடம், சமையல் குறிப்புகளுக்கு வலைப்பூ தொடங்கப் போகிறேன். கையில் இரண்டாயிரம் ரூபாய் இருக்கிறது. தீம் வாங்கலாமா, ஹோஸ்டிங் வாங்கலாமா?

இரண்டும் வேண்டாம். சொந்த டொமைன் பெயர், அதாவது இணைய முகவரி, ஒன்றை மட்டும் வாங்குங்கள். டாட் காம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 முதல் 1,500 ரூபாய், டாட் இன் அதைவிடக் கொஞ்சம் குறைவு. இதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும். பிளாகரில் ஹோஸ்டிங் (தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் இடம்) இலவசம், சொந்த டொமைனை இணைப்பதும் இலவசம், பூட்டுக்குறியோடு வரும் பாதுகாப்புச் சான்றிதழும் இலவசம்.

வாங்கும்போது முதல் ஆண்டு விலையைப் பார்க்காதீர்கள், புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். '99 ரூபாய்' என்று விளம்பரம் செய்யும் இடத்தில் இரண்டாம் ஆண்டு கட்டணம் பத்து மடங்குக்கு மேலும் போகலாம். பணம் கட்டும் பக்கத்தில் ஈமெயில், வெப்சைட் பில்டர், தனியான சான்றிதழ் என்று சில பெட்டிகள் முன்கூட்டியே டிக் ஆகியிருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மிச்சப் பணம் அடுத்த ஆண்டுப் புதுப்பித்தலுக்கு இருக்கட்டும்.

மதுரை, கல்லூரி மாணவர்: அக்கா, பிளாகர் தீமில் நல்ல ஃபான்ட் தேர்ந்தெடுத்தேன். ஆங்கிலம் மாறுகிறது, தமிழ் மாறவே இல்லை. என் லேப்டாப்பில் ஒரு மாதிரி, நண்பன் போனில் வேறு மாதிரி தெரிகிறது. ஏன்?

தம்பி, அந்தப் பட்டியலில் இருக்கும் ஃபான்ட்களில் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்துகளே கிடையாது. ஃபான்டில் தமிழ் இல்லையென்றால் உலாவி அந்தக் கருவியில் இருப்பதை எடுத்துப் போட்டுவிடும். விண்டோஸ் 8 முதல் நிர்மலா, பழைய விண்டோஸில் லதா, ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ, ஆப்பிள் கருவிகளில் தமிழ் சங்கம். நீங்கள் வடிவமைத்தது ஒன்று, வாசகர் பார்ப்பது வேறொன்று. தமிழ் வலைப்பூவின் அழகில் முக்கால்வாசி எழுத்துதான். முதலில் இதைச் சரிசெய்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

கூகுள் ஃபான்ட்ஸில் மொழி வடிகட்டியில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் இலவச ஃபான்ட்கள் பல கிடைக்கும். நீண்ட கட்டுரைக்கு முக்தா மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் மூன்றும் கண்ணை உறுத்தாதவை. கதை, கவிதை, இலக்கியக் கட்டுரை என்றால் நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது டீரோ தமிழ் அச்சுப் புத்தகத்தின் சாயலைத் தரும். பலூ தம்பி, கவிவனார் போன்றவை தலைப்புக்கு மட்டும். பத்தி முழுக்க அவற்றைப் போட்டால் இரண்டாம் பத்தியிலேயே வாசகர் களைத்துவிடுவார்.

தேர்ந்தெடுத்த ஃபான்டுக்கு கூகுள் ஃபான்ட்ஸ் தரும் இணைப்புக் குறியீட்டை தீமின் எச்டிஎம்எல்லில், தலைப்பகுதி தொடங்கும் வரிக்குக் கீழே ஒட்ட வேண்டும். கூகுள் தரும் குறியீட்டை அப்படியே ஒட்டினால் பிளாகர் சேமிக்க மறுக்கும். காரணம், பிளாகர் தீம் என்பது எக்ஸ்எம்எல் என்ற கண்டிப்பான குறியீட்டு வடிவம். அதில் மூன்று இடங்களைத் திருத்தினால் போதும். ஒவ்வொரு இணைப்பு டேகின் முடிவிலும் மூடும் கோணக்குறிக்கு முன் ஒரு சாய்கோடு போடுங்கள். முகவரிக்குள் வரும் '&' குறியை ஒட்டி ஏ, எம், பி என்ற மூன்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும் சேருங்கள். 'கிராஸ்ஆரிஜின்' என்ற சொல் தனியாக நின்றால் அதற்குப் பின் சமக்குறியும் வெற்று மேற்கோள் குறிகளும் போடுங்கள். பிறகு கஸ்டமைஸ், அட்வான்ஸ்டு, ஆட் சிஎஸ்எஸ் பகுதியில் பதிவின் உடலுக்கும் தலைப்புக்கும் அந்த ஃபான்டின் பெயரைக் கொடுங்கள்.

அதே மாணவர்: செய்துவிட்டேன் அக்கா. ஆனால் போல்டு போட்ட இடத்தில் எழுத்து அப்பிக்கொண்டு தெரிகிறது.

நீங்கள் எடுத்தது மீரா இனிமை அல்லது பவனம் போன்ற ஒரே தடிமன் கொண்ட ஃபான்டாக இருக்கும். அதில் தனியான போல்டு இல்லை, அதனால் உலாவியே கோட்டைத் தடிப்பாக்கிவிடுகிறது. ண, ணை, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைபடுவது அதனால்தான். ஹிந்த் மதுரையிலோ முக்தா மலரிலோ 400, 700 என்று இரண்டு தடிமன்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தடிமனையும் இணைத்தால் பக்கம் கனத்துவிடும்.

சாய்வெழுத்தும் இப்படித்தான். பெரும்பாலான தமிழ் ஃபான்ட்களுக்குச் சாய்ந்த வடிவம் கிடையாது, உலாவி இழுத்துச் சாய்ப்பது கோணலாகத்தான் இருக்கும். மேற்கோளைக் காட்ட வேண்டுமென்றால் இடப்பக்கம் ஒரு கோடும் சற்று உள்தள்ளலும் போதும். எழுத்திடைவெளியைக் கூட்டும் கட்டளையையும் தமிழுக்குக் கொடுக்காதீர்கள், சில உலாவிகளில் காலும் கொம்பும் மெய்யை விட்டு விலகி நிற்கும்.

திருச்சி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: அம்மா, என் பக்கத்தில் வரிகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. புத்தகம்போல இரண்டு ஓரமும் சமமாக இருக்கட்டும் என்று வைத்தேன், இப்போது நடுவில் ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறது.

ஐயா, பல தீம்களின் வரியிடைவெளி ஆங்கிலத்தை மனதில் வைத்து 1.4 அளவில் இருக்கும். தமிழில் மேலே விசிறியும் புள்ளியும் உண்டு, கீழே உகர ஊகாரக் குறிகள் இறங்கும். மேல்வரியின் 'மு', 'ழு' கீழ்வரியின் 'தீ', 'ரீ' மேல் இடிப்பது அதனால்தான். எழுத்தளவு 18 பிக்சல், வரியிடைவெளி 1.75 என்று வையுங்கள். 1.9-ஐத் தாண்டினால் பத்தி பத்தியாகத் தெரியாது. கணினித் திரையில் பதிவின் அகலம் 680 பிக்சலுக்கு மேல் போக வேண்டாம்.

ஓரங்களைச் சமமாக்க வேண்டாம், இடப்பக்கம் மட்டும் சீராக இருக்கட்டும். தமிழில் சொற்கள் நீளமானவை. போன் திரையில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல்தான் கொள்ளும். அவற்றை இழுத்துச் சமப்படுத்தும்போது இடையில் பள்ளம் விழுகிறது. புத்தக அச்சில் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும் வசதி இருக்கிறது, உலாவிகளில் தமிழுக்கு அதை நம்ப முடியாது.

நிறத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளையில் இளஞ்சாம்பல் எழுத்து நாகரிகமாகத் தெரியும், வெயிலில் போனைப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற மாறுபாடு வேண்டும் என்பது உலக அளவில் பின்பற்றப்படும் அணுகல் விதி. வெள்ளைப் பின்னணியில் #999999 என்ற சாம்பல் நிறம் இதில் தேறாது, #767676 நூலிழையில் தேறும். உடல் எழுத்துக்கு #333333 வையுங்கள். இணைப்புகளுக்கும் பொத்தான்களுக்கும் அழுத்தமான ஒரே ஒரு நிறம் போதும். மூன்றாவது நிறத்தைச் சேர்க்கத் தோன்றும்போதெல்லாம் அதை விட்டுவிடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: வணக்கம் அக்கா. அப்பா எழுதின கட்டுரைகள் எல்லாம் பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில இருக்கு. யூனிகோடுக்கு மாத்திப் போட்டன், பார்க்கச் சரியாத்தான் இருக்கு. ஆனா தேடினா சில சொற்கள் வருகுதில்லை. என்ன செய்யலாம்?

பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே எழுத்து வேறாக இருக்கும். மாற்றிகள் வழக்கமாக விடும் பிழைகள் இரண்டு. ஒன்று, 'ர்' வர வேண்டிய இடத்தில் காலும் புள்ளியும் சேர்ந்து நிற்பது. 'அவர்' என்று தெரியும், ஆனால் அங்கே ரகரமே இருக்காது. இரண்டாவது, ஔகாரம். பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறிக்கும் ளகரத்துக்கும் வடிவம் ஒன்றுதான் என்பதால் 'மௌனம்' 'மெளனம்' ஆகவும், 'கௌரவம்' 'கெளரவம்' ஆகவும் மாறிவிடும்.

எல்லாக் கட்டுரைகளையும் ஒரே கோப்பில் போட்டு, கண்டுபிடித்து மாற்றும் வசதியால் முதலில் காலும் புள்ளியும் சேர்ந்ததை 'ர்' ஆக்குங்கள். தமிழில் காலுக்குப் பின் புள்ளி வரவே வராது, ஆகவே மொத்தமாக மாற்றலாம். ஔகாரத்தை அப்படி மொத்தமாக மாற்ற முடியாது, 'வெள்ளம்', 'தெளிவு' எல்லாம் கெட்டுப்போகும். மெள, கெள, செள, பெள என்று சொல் சொல்லாகத் தேடித்தான் திருத்த வேண்டும். கட்டுரைக்கு நடுவே ஆங்கிலச் சொல் இருந்தால் அதுவும் பொருளற்ற தமிழாக மாறியிருக்கும், மூலத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்பாவின் எழுத்து தேடுகிறவர்களுக்குக் கிடைக்க வேண்டும் அல்லவா, இந்த உழைப்புக்குப் பலன் உண்டு. பிளாகரில் ஒட்டும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் அழுத்தி வெறும் எழுத்தாக ஒட்டுங்கள். இல்லாவிட்டால் வேர்டின் ஃபான்டும் அளவும் கூடவே வந்து தளத்தின் வடிவமைப்பைக் கலைத்துவிடும்.

கோவை, சிறுதொழில் நடத்துபவர்: டொமைன் வாங்கி இணைத்தேன். இரண்டு நாளாக பிழைச்செய்திதான் வருகிறது.

பிளாகர் செட்டிங்ஸில் முகவரியைக் கொடுத்ததும் இரண்டு சிநேம் பதிவுகளை, அதாவது ஒரு முகவரியை இன்னொன்றுக்குத் திருப்பும் குறிப்புகளை, காட்டும். இவற்றை டொமைன் வாங்கிய தளத்தின் டிஎன்எஸ் பக்கத்தில் சேர்க்க வேண்டும். முதலாவது மூன்று டபிள்யூவுக்கு உரியது, இரண்டாவது உங்களுக்கென்றே உருவான நீண்ட குறியீடு. இரண்டாவதில்தான் பலர் தவறுகிறார்கள். பெயர் என்ற கட்டத்தில் அந்தச் சின்னக் குறியீட்டை மட்டும் இட வேண்டும், டொமைன் பெயரையும் சேர்த்தால் அது இரண்டு முறை பதிவாகிவிடும். டபிள்யூ இல்லாத முகவரியும் வேலை செய்ய, அதைச் சர்வரின் எண் முகவரியோடு இணைக்கும் நான்கு ஏ பதிவுகள் வேண்டும்: 216.239.32.21, 216.239.34.21, 216.239.36.21, 216.239.38.21. டொமைன் விற்றவர் தன் விளம்பரப் பக்கத்துக்காக ஏற்கெனவே ஓர் ஏ பதிவு வைத்திருப்பார், அதை நீக்குங்கள். டிஎன்எஸ்ஸுக்கு கிளவுட்ஃப்ளேர் என்ற சேவையைப் பயன்படுத்தினால் அதில் ஆரஞ்சு மேகத்தை சாம்பலாக்குங்கள், இல்லையென்றால் சான்றிதழ் கிடைப்பது தடைபடலாம். கடைசியாக பிளாகரில் எச்டிடிபிஎஸ் சுவிட்ச் இரண்டையும் போட்டுவிட்டு ஒரு நாள் பொறுங்கள்.

சேலம் வாசகி மீண்டும்: மேடம், பெரிய தளங்களில் வருவதுபோல சாப்பாட்டுப் படம் எடுக்க கேமரா வாங்க வேண்டுமா?

போன் போதும், வெளிச்சம்தான் முக்கியம். ஜன்னல் ஓரமாக, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி தட்டை வையுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை சார்ட் பேப்பரை நிறுத்தினால் நிழல் மென்மையாகிவிடும். அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் சாம்பார் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் சாம்பல் நிறமாகவும் தெரியும். அகலக் கோண லென்ஸ் தட்டின் விளிம்பை இழுத்துவிடும், 1 எக்ஸில் சற்றுத் தள்ளி நின்று எடுங்கள்.

எல்லாப் படத்தையும் ஒரே விகிதத்தில், 4-க்கு 3 என்று வெட்டுங்கள். முகப்புப் பக்கம் ஒழுங்காகத் தெரிய இதைவிடச் சுலபமான வழி இல்லை. அகலத்தை 1,200 பிக்சலாக்கி, ஸ்குவூஷ் என்ற இலவசத் தளத்தில் வெப்பி வடிவத்துக்கு மாற்றினால் நான்கு எம்பி படம் 150 கேபிக்குள் அடங்கும். பிறர் படம் வேண்டுமென்றால் அன்ஸ்பிளாஷ், பெக்ஸெல்ஸ், விக்கிமீடியா காமன்ஸ். காமன்ஸில் பெரும்பாலான படங்களுக்கு எடுத்தவர் பெயரையும் உரிம வகையையும் கீழே போட வேண்டும். தேடலில் கண்ட படத்தை எடுத்துப் போடாதீர்கள், அது இன்னொருவர் உழைப்பு.

நாகர்கோவிலிலிருந்து: இலவச பிளாகர் தீம் ஒன்றை இறக்கிப் போட்டேன். கணினியில் நன்றாக இருக்கிறது, போனில் பழைய தீம் மாதிரியே வருகிறது. அடியில் இருக்கும் அவர்கள் பெயரை நீக்கினால் தளம் வேறு எங்கோ போய்விடுகிறது.

முதலாவது சின்ன விஷயம். தீம் மெனுவில் மொபைல் செட்டிங்ஸ் போய் 'டெஸ்க்டாப்' என்று தேர்ந்தெடுங்கள். திரைக்கேற்ப வளையும் தீமுக்கு அதுதான் சரி.

இரண்டாவதுக்கு என் பதில், அந்தத் தீமையே எடுத்துவிடுங்கள். பெயரை நீக்கினால் திசைமாற்றும் நிரல் மறைகுறியாக்கி உள்ளே வைக்கப்பட்டிருக்கிறது. வேறு என்ன வைத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. பிளாகரே தரும் கன்டெம்போ, சோஹோ, நோட்டபிள் இவற்றில் ஒன்றை எடுத்து எழுத்து, நிறம், இடைவெளி மூன்றையும் மேலே சொன்னபடி மாற்றினால் பல இலவசத் தீம்களைவிட நன்றாக இருக்கும். கட்டணத் தீமின் திருட்டுப் பிரதியை வேர்ட்பிரஸ் என்ற இன்னொரு வலைத்தள மென்பொருளில் போடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

தஞ்சாவூர், வரலாறு எழுதுபவர்: என் பதிவுகளின் முகவரி எல்லாம் 'பிளாக்-போஸ்ட்' என்றும் ஓர் எண்ணாகவும் வருகிறது. மாற்றலாமா?

தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் பிளாகர் அப்படித்தான் பொதுப்பெயர் போடும். வெளியிடும் முன் பெர்மாலிங்க் பகுதியில் கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்து ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல் கொடுங்கள். வெளியான பழைய பதிவுகளைத் தொடாதீர்கள், பகிரப்பட்ட இணைப்புகள் உடையும். வேர்ட்பிரஸில் வேறு சிக்கல். ஒவ்வொரு தமிழ்க் குறியும் முகவரியில் ஒன்பது எழுத்தாக விரியும். 200 எழுத்து எல்லைக்குள் ஏறத்தாழ 22 குறிகள்தான் கொள்ளும், மீதி வெட்டுப்படும்.

கோலாலம்பூரிலிருந்து: பக்கம் திறக்க மிக மெதுவாக இருக்கிறது அக்கா. எதை எடுப்பது?

ஓரத்திலிருக்கும் பார்வையாளர் எண்ணி, கடிகாரம், ஓடும் எழுத்து, முகநூல் பெட்டி. ஒவ்வொன்றும் வேறொரு சர்வரிலிருந்து வருகிறது. தேடுபெட்டி, வகைகள், தொடர்புப் பக்கம் இருந்தால் வாசகருக்குப் போதும். செட்டிங்ஸில் போஸ்ட்ஸ் பகுதியில் லேசி லோடு (படங்களைத் தேவைப்படும்போது மட்டும் ஏற்றுவது), வெப்பி இரண்டையும் இயக்குங்கள். ஒவ்வொரு பதிவிலும் முதல் பத்திக்குப் பின் ஜம்ப் பிரேக் போடுங்கள், முகப்பில் அதுவரை மட்டும் தெரியும். பிறகு கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் மொபைல் பிரிவைப் பாருங்கள். பெரிய படம் அல்லது எழுத்துப்பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும். பக்கம் குலுங்கும் அளவு 0.1-ஐத் தாண்டக் கூடாது. குலுங்கினால் பெரும்பாலும் காரணம் அகல உயரம் குறிக்காத படமோ, இடம் ஒதுக்காத விளம்பரமோதான்.

மதுரை மாணவர்: இதையெல்லாம் செய்து ஏதாவது கெட்டுப்போனால்?

தொடுவதற்கு முன் தீம் மெனுவில் பேக்கப் எடுத்து, கோப்பின் பெயரில் தேதியைப் போட்டு வையுங்கள். கெட்டால் ரீஸ்டோர் கொடுத்தால் பழையபடி வரும். தீம் பேக்கப்பில் பதிவுகள் இருக்காது, அதற்கு செட்டிங்ஸில் தனி பேக்கப் உண்டு. அதிலும் படங்களின் இணைப்பு மட்டும்தான் வரும் என்பதால் மூலப் படங்களை ஒரு ஃபோல்டரில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், தம்பி.