கீமோவுக்குப் பின் ஊசி, இடுப்பு வலி: பட்டர்வொர்த் அக்காவுக்கு

அக்கா, இரண்டாவது கீமோவுக்குப் பிறகு வீட்டுக்காரருக்கு வெள்ளையணு 1,200க்கு இறங்கியதாகவும், அதைக் கூட்ட வயிற்றில் ஊசி போட்டதிலிருந்து இடுப்பெலும்பு குடைவதாகவும் எழுதியிருந்தீர்கள். நோய் எலும்புக்குப் பரவிவிட்டதோ என்று பயப்படுகிறீர்கள். எங்கம்மாவுக்கும் ஜார்ஜ்டவுனில் இதே ஊசிதான். ராத்திரியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

பெரும்பாலும் அது ஊசியால் வரும் வலி. வெள்ளையணு பிறப்பதே எலும்பு மஜ்ஜையில்தான். பெரியவர்களுக்கு முக்கியமாக இடுப்பு, முதுகெலும்பு, நெஞ்செலும்பு. அங்கே தாயணு பிரிந்து, கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோபில் என்ற வெள்ளையணுவாக முதிர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். இரத்தத்துக்கு வந்தபின் அதிக நாள் தங்காது. கீமோ வேகமாகப் பிரியும் அணுக்களை அடிப்பதால் புது வரத்து குறைகிறது. ஊசி மஜ்ஜையை முடுக்கிவிடுகிறது, எலும்பும் வலிக்கிறது.

இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பனடோல் (பாரசிட்டமால்) கொடுக்குமுன் காய்ச்சல் பாருங்கள், மாத்திரை அதை மறைத்துவிடும். 38 டிகிரி தொட்டால் நடுராத்திரியானாலும் எமர்ஜென்சிக்குப் போய், "கீமோ எடுப்பவர்" என்று முதலில் சொல்லுங்கள். சாதாரணமாகக் கிருமி நுழைந்தால் நியூட்ரோபில் அதன் வாடை பிடித்து, இரத்தக்குழாயைத் துளைத்து வெளியேறி விழுங்கும். அப்படிச் செத்தவைதான் சீழ். இப்போது அவை குறைவு என்பதால் சீழ், வீக்கம் எதுவும் தெரியாமல் போகலாம். காய்ச்சல் ஒன்றே அடையாளமாக இருக்கலாம்.