ஊராட்சிச் சாலைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? – கேள்வி பதில்

ஊராட்சி ஒன்றியப் பொறியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தமிழ்நாட்டுக் கிராமச் சாலை நிதி பற்றி மட்டும் கேளுங்கள். அதற்கு முன், உங்கள் சாலை யாருடையது என்று பார்த்துவிட்டு வாருங்கள். பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

சரவணன், மணப்பாறை: எங்கள் ஊராட்சிக்குச் சாலைப் பழுதுக்கென்று வருஷத்துக்கு எவ்வளவு வரும் சார்?

அப்படித் தனித் தலைப்பில் எதுவும் வராது தம்பி. வருவது பொதுப் பணம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு. அதை எப்படிப் பிரிப்பது என்று பரிந்துரைப்பது மாநில நிதி ஆணையம். ஐந்தாவது ஆணையக் காலத்தில் (2017-22) அந்தப் பணத்தில் நூற்றுக்கு 56 பங்கு ஊரகத்துக்கு, 44 பங்கு நகர்ப்புறத்துக்கு. ஊரகப் பங்கில் கிராம ஊராட்சிகளுக்கு 55, ஒன்றியங்களுக்கு 37, மாவட்ட ஊராட்சிகளுக்கு 8. பெரிசோ சிறிசோ, ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஆண்டுக்கு 7 லட்சம் அடிப்படை. மீதியை மக்கள்தொகைப்படி பிரிப்பார்கள். ஆணையத்துக்கு ஆணையம் எண்கள் நகரும், கட்டமைப்பு இதுதான்.

இந்தப் பணத்தில்தான் தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மின் கட்டணம், கூட்டுக் குடிநீர்க் கட்டணம், சம்பளம் எல்லாம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் அன்று மாலையே குடத்தோடு மறியல். குழிக்கு யாரும் மறியல் பண்ணுவதில்லை, சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். எனவே சாலைக்கு மிச்சம்தான்.

இன்னொரு வரவு மத்திய நிதிக்குழு மானியம். 15ஆவது குழு (2021-26) ஊரகத் தொகையில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டிப்போட்டது. ஊராட்சி தன் விருப்பத்துக்குச் செலவழிக்கக்கூடியது 40 சதவீதம். ஒட்டுவேலை செய்ய வேண்டுமானால் அதில் செய்யலாம், சம்பளத்துக்கு அதைத் தொடக்கூடாது.

மாலதி, திருமயம்: பஸ் போகிற சாலை ஒரு வருஷமாகக் குண்டும் குழியுமாக இருக்கிறது. தலைவர் பணம் இல்லை என்கிறார்.

பஸ் போகிறது என்றால் அது நெடுஞ்சாலைத் துறையின் இதர மாவட்டச் சாலையாக இருக்க வாய்ப்பு அதிகம் அம்மா. அப்படியானால் தலைவரைத் திட்டிப் பயனில்லை. கோட்டப் பொறியாளர் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

பெயர் வேண்டாம், விருத்தாசலம்: பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலை மூன்றே வருஷத்தில் பெயர்ந்துவிட்டது. ஊராட்சிப் பணத்தில் ஒட்டலாமா?

ஒட்டாதீர்கள்! அந்தத் திட்டச் சாலைகளுக்கு முடித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு பராமரிப்பு ஒப்பந்ததாரர் பொறுப்பு, ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. சாலை முனையில் உள்ள பலகையில் முடித்த தேதியைப் பார்த்து, படத்தோடு ஒன்றியத்தில் மனு கொடுங்கள். ஊராட்சிப் பணத்தில் ஒரு சட்டி தார் ஊற்றினாலும் போதும், "நீங்களே கை வைத்துவிட்டீர்கள்" என்று அவர் நழுவப் பார்ப்பார்.

குமரேசன், ஏற்காடு: மக்கள்தொகைப்படி பிரிப்பது மலை ஊராட்சிகளுக்கு அநியாயம் இல்லையா? ஆள் குறைவு, ஆனால் குக்கிராமங்கள் மலை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு மழைக்கும் சாலை அரித்துப்போகிறது.

நியாயமான கேள்வி. முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டத்தை 2023 ஜனவரியில் அறிவித்தபோது 10,000 கி.மீ.க்கு 4,000 கோடி என்றார்கள். கிலோமீட்டருக்கு 40 லட்சம். ஊராட்சியின் அடிப்படை மானியம் 7 லட்சம். உங்கள் ஊராட்சி ஐந்து வருஷம் விளக்கே எரிக்காமல் சேர்த்தாலும் ஒரு கிலோமீட்டர் புதுப்பிக்க முடியாது.

ஜாபர், சூலூர்: மலைக்காரர் மட்டும் பாவமா? எங்கள் ஊராட்சியில் மில் லாரிகள் ராப்பகலாக ஓடுகின்றன. வடமாநிலத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் குடியிருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் அவர்களில் ஒருவரும் இல்லை.

குமரேசன்: உங்களுக்குச் சொத்து வரி, தொழில் வரி வருகிறதே! எங்களுக்கு என்ன வருகிறது?

ஜாபர்: வருகிற வரி குப்பை அள்ளவே போதவில்லை அண்ணே.

இரண்டு பேரும் நிறுத்துங்கள். இரண்டு பேர் சொல்வதும் சரி. தலையை எண்ணிப் பணம் கொடுத்தால் சாலையின் நீளமும் கணக்கில் வராது, மேலே ஓடும் பாரமும் வராது.

கேரளத்தில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். பராமரிப்பு நிதி என்றே தனியாக உண்டு. அதைச் சாலைக்கு, மற்றச் சொத்துகளுக்கு என்று இரண்டாகப் பிரித்து, உள்ளாட்சியின் கையில் என்ன சொத்து இருக்கிறது என்பதை வைத்துக் கொடுக்கிறார்கள். இங்கேயும் அது வர வேண்டும் என்பது என் வாதம். புதுச் சாலைக்குத் திட்டமும் திறப்பு விழாவும் உண்டு, பராமரிப்புக்கு இரண்டும் இல்லை.

ஆனால் நீளத்துக்குப் பணம் என்று சொன்ன மறுநாளே வரப்பெல்லாம் சாலையாகப் பதிவேட்டில் ஏறும். தோட்டத்துக்குப் போகிற வண்டித்தடம்கூட "ஊராட்சிச் சாலை, 1.2 கி.மீ." ஆகிவிடும். அளந்து பார்க்க ஒன்றியத்தில் எத்தனை ஓவர்சீயர் இருக்கிறார்கள்? பதிவேட்டைச் சுத்தம் செய்யாமல் சூத்திரத்தை மாற்றினால், கெட்டிக்கார ஊராட்சிக்குத்தான் பணம் போகும்.

செல்வி, பரமக்குடி: நகரங்களுக்கு எதற்கு 44 பங்கு?

அது வேறு சண்டை. இன்று வேண்டாம்.

பிரபு, ஆரணி: எங்கள் ஊராட்சிக்கு எவ்வளவு வரும்?

முதல் பதிலைப் படியுங்கள்.

தங்கராசு, முசிறி: மத்தியப் பணம் வரவில்லை என்று செயலர் சொல்கிறார். உண்மையா?

இருக்கலாம். தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இருந்தால்தான் அந்த மானியம் என்பது நிபந்தனை. 28 மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து, தலைவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்தல் தள்ளிப்போனால் போஸ்டர் ஒட்டுபவருக்கு மட்டும் நஷ்டம் என்று நினைக்காதீர்கள்.

வேலு, தென்காசி: எங்கள் தெருச் சாலைக்கு எவ்வளவு ஒதுக்கி...

வேலு, சாலை யாருடையது? ஒன்றிய அலுவலகப் பொறியியல் பிரிவில் சாலைப் பதிவேடு இருக்கும். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். ஊராட்சிச் சாலை என்று இருந்தால் அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். பதிவேட்டிலேயே இல்லை என்றால், முதலில் அதில் ஏற்றுவதுதான் வேலை. அதற்குப் பிறகு நிதியைப் பற்றிப் பேசுவோம்.