கேள்வி பதில்: சேக்காளிகளுக்கு நடுவில் நம்ம நடை

எனக்கு 46 வயது. பாளையங்கோட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். தன்பாலீர்ப்பாளன், வீட்டுக்கும் சேக்காளிகள் சிலருக்கும் தெரியும். 'கேளுங்க' என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில.

அண்ணாச்சி, நான் கபடி செட்டுல இருக்கேன். நடை, கை அசைவு, குரல் எல்லாத்தையும் யோசிச்சு யோசிச்சு செய்யுதேன். அலுத்துப் போச்சு.

தம்பி, உன் வயசில் குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போனால், நான் எங்கே பார்க்கிறேன் என்பதை மற்றவன் பார்க்கிறானா என்பதே என் கவலை. ஆத்துத் தண்ணி எப்படி இருந்தது என்றே ஞாபகமில்லை. ஒரு 'ஏலே' போதும் என்கிற இடத்தில் மூணு போடுவேன். அப்புறம்தான் கவனித்தேன், செட்டில் எவனுமே சும்மா இல்லை. அழுகை வந்தால் கண்ணில் தூசி என்பான். ஆனால் அவன் வேசம் கலைந்தால் ரெண்டு நாள் கேலியோடு போகும். நமக்கு வீடே போகலாம். அதனால் 'எவனுக்கும் பயப்படாதே' என்று வீறாப்பு பேச மாட்டேன். கபடி பாடிப் போகும்போது கை எப்படி ஆடுது என்று யோசிக்கிறாயா? அந்த நேரம் எவனாவது சிரித்தானா? அங்கிருந்து ஆரம்பி.

கோயில் கொடைத் திருவிழாவுல பொம்பள வேசம் கட்டி ஆடுதவங்களைக் கும்பிடுதாவ. நான் கொஞ்சம் நளினமா நடந்தா 'ஒம்போது'ங்கானுவ. என்ன நியாயம்?

சுடலைமாடன் கொடையில், கணியான் கூத்தில், மகுடம் என்கிற தோல் வாத்தியத்துக்கு ஆடும் அந்த வேசம் விடிந்தால் கலைந்துவிடும். பார்க்கிற ஆம்பளைக்கு அது நிம்மதி. உன் நடை விடிந்தாலும் கலையாதே! (அது கணியான் மக்களின் மரபு, நம்ம கதையை அதில் ஏற்ற வேண்டாம்.) இன்னொன்று: அந்த வசவு முதலில் விழுவது திருநங்கைகள் மேல். 'நான் அப்படி இல்லை' என்று அவர்களைத் தள்ளிவிட்டு நாம் தப்பிப்பது அசிங்கம். நானும் செய்திருக்கிறேன்.

உயிர்ச் சேக்காளிகிட்ட சொல்லலாமா? அவன் மேல ஆசைன்னு நினைச்சிருவானோ?

டீக்கடையில் வேண்டாம். குடித்திருக்கும்போது வேண்டவே வேண்டாம். நான் பைக்கில் பின்னால் உட்கார்ந்து சொன்னேன், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை பாருங்க. "அப்ப என்னையுமால?" என்றான். "ஒன்னைய எவம்ல பாப்பான்!" சிரித்துவிட்டான். ஆனாலும் ரெண்டு மாசம் கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்தான். பொறுத்துக்கொண்டேன்.

டாக்டர்கிட்ட போனா சரியாயிரும், இல்லைன்னா கல்யாணம் பண்ணுங்காவ.

நோயே இல்லை, எதைச் சரி பண்ண? மாற்றுகிறேன் என்று சிகிச்சை செய்வதற்கு 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தடை போட்டார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் அந்தச் சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்றது. கல்யாணம்? ஒரு பிள்ளை வாழ்க்கையும் சேர்ந்து வீணாகும்.

நான் அப்படி இல்ல. ஆனா என் சேக்காளி அப்படியோன்னு தோணுது. கேக்கலாமா?

கேட்காதீங்க. செட்டில் எவனாவது 'பொட்டை' என்று யாரையாவது கேலி பண்ணினால், "சவத்த விடுல" என்று பேச்சை மாத்துங்க. அவன் கவனித்துக்கொண்டுதான் இருப்பான்.